வாடகை வாங்க வந்த அம்மாள்



ஏழைக்கு வீடு ஒரே நாளில் போய்விடுவதில்லை. ஒரு வாரம் வாடகை நின்றுபோகிறது, கேட்பாரில்லை. வாரம் மாதமாகிறது. கடைசியில் சட்டிமுட்டிகளோடு குடும்பம் தெருவில் நிற்கிறது. அந்த முதல் வாரத்தைக் கவனித்தால் கடைசி நாள் வராமல் தடுக்கலாம் என்று இலண்டன் மாநகரில் செய்து காட்டியவர் ஆக்டேவியா ஹில் அம்மையார்.

இவர் 1838-ம் ஆண்டு இங்கிலாந்தில் விஸ்பெக் என்னும் ஊரில் பிறந்தார். தானிய வியாபாரியான தகப்பனார் 1840-ல் நொடித்துப்போனார். வைத்தியரான தாய்வழிப் பாட்டனார் குடும்பத்துக்குக் கைகொடுத்தார். வீடு கலைவது இன்னதென்று குழந்தையிலேயே கண்டவர் இவர். பதினாலாம் வயதில், இலண்டனில் ஏழைச் சிறுமிகள் விளையாட்டுச் சாமான்கள் செய்த பட்டறைக்கு மேற்பார்வையாளரானார். அச்சிறுமிகள் குடியிருந்த ஒண்டுக்குடித்தனங்களைப் பார்த்தபின் அவர் மனம் அமைதியடையவில்லை.

1865-ல் எழுத்தாளர் ஜான் ரஸ்கின் மேரில்போன் பகுதியில் மூன்று வீடுகளைப் பெற்று அவரிடம் ஒப்புவித்தார். சந்தின் பெயர் பரதீசு. உள்ளேயோ அழுக்கும் உடைசலும். போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் ஆதாயம் வரவேண்டும் என்பது ஏற்பாடு. கணக்கு நேராயிருந்தால்தான் மற்றவர்களும் பணம் போட முன்வருவார்கள் அல்லவா?

அம்மையார் வாரந்தோறும் தாமே படியேறி வாடகை வாங்கினார். பாக்கி சேரவிடமாட்டார். வாரக்கூலிக்காரனுக்கு ஒரு வாரப் பாக்கியைத் தீர்க்க முடியும். பத்து வாரப் பாக்கி அவனை அமிழ்த்திவிடும் என்பதை அறிந்திருந்தார். பழுதுபார்க்க ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கினார். குடியிருப்போர் எதையும் உடைக்காமல் மீதமானால், அவர்கள் விரும்பும் வசதி அதே பணத்தில் வரும். வேலையற்ற காலத்தில் அந்தப் பழுதுவேலையையே அவர்களுக்குக் கொடுத்தார். படிகளைக் கழுவும் சிறுமிகளுக்கும் கூலி உண்டு. இப்படி இலவசமாய் எதுவும் கொடாமலே பல குடும்பங்களை வீட்டில் நிலைநிறுத்தினார்.

1884-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் சொத்து நிர்வாகிகள் சதக் பகுதி வீடுகளை அவரிடம் ஒப்படைத்தனர். அவர் பழக்கிய பெண்கள் பலர் இவ்வேலையை ஏற்றார்கள். 1912-ல் அவர் காலமானார்.

குறையையும் சொல்லவேண்டும். வேண்டுமென்றே வாடகை தராதவர்களை அவர் வெளியேற்றினார். அரசாங்கம் ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவதை எதிர்த்தார். கூலியே போதாதவனுக்கு ஒழுங்கு மட்டும் கூரையாகாது. அங்கே பொதுப்பணமும் வேண்டும். இதில் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை.

ஆனால் படியேறிப் போவதில் பின்பற்றலாம். நம் பங்கில் வீடு விடுவோரும் உண்டு, வாடகைக்கு இருப்போரும் உண்டு. வீட்டுக்காரர்களே, முதல் பாக்கியன்றே போய் விசாரியுங்கள். ஓட்டைக் கூரையை அடைக்காமல் வாடகை மட்டும் கேளாதீர்கள். குடியிருப்போரே, கஷ்டம் வந்தால் ஒளியாதீர்கள். இரண்டாம் மாதத்துக்கு முன்பே பங்கு சுவாமியாரிடமோ வின்சென்ட் தே பவுல் சபையாரிடமோ சொல்லுங்கள். தெருவுக்கு வந்த குடும்பத்துக்கு வீடு தேடுவது பெரும்பாடு. வீட்டிலிருக்கும்போதே தாங்கிக்கொள்ள ஒரு வார வாடகை போதும்.