கரடி பிரையண்ட்

அமெரிக்காவில் காற்பந்து என்றால் மலேசிய, சிங்கப்பூர்த் திடல்களில் ஆடப்படும் உருண்டைப் பந்து ஆட்டம் அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரியை இடித்து வீழ்த்தியும் ஆடும் முரட்டு ஆட்டம் அது. அந்நாட்டின் தென்மாநிலங்களில் பல்கலைக்கழக அணிகள் மோதும் சனிக்கிழமைகளில் அரங்கங்கள் பல்லாயிரம் பேரால் நிரம்பி வழியும். ஆடுபவர்கள் இருபது வயதை ஒட்டிய மாணவர்கள்தாம். ஆனாலும் ஊர் அவர்களை வீரர்களாகக் கொண்டாடும். அவர்கள் தவறு செய்தால் கண்டும் காணாததுபோல் இருக்கும்படி பயிற்றுநரை நெருக்கவும் செய்யும். அந்த நெருக்கடியை வாழ்நாள் முழுவதும் எதிர்கொண்டவர் பால் பிரையண்ட்.

இவர் 1913ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் ஆர்கன்சா மாநிலத்தின் மோரோ பாட்டம் என்னும் சிற்றூரில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோராவது பிள்ளை. தந்தை நோயாளி, தாயே வயலையும் வீட்டையும் கவனித்தார். விளைந்த காய்கறிகளைக் கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் ஏற்றிக்கொண்டு தாயும் மகனும் அருகிலுள்ள ஃபோர்டைஸ் நகருக்குச் சென்று விற்று வருவார்கள். பதின்மூன்று வயதில், ஊருக்கு வந்த ஒரு வேடிக்கைக் காட்சியில், கரடியோடு மல்லுக்கு நின்றால் நிமிடத்திற்கு ஒரு டாலர் தருவதாக அறிவித்தார்கள். சிறுவன் பால் துணிந்து மேடை ஏறினான். பேசிய பணம் கைக்கு வந்து சேரவில்லை. கரடி என்னும் பட்டப்பெயர் மட்டும் வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது.

காற்பந்துதான் அவருக்கு உயர்கல்வியின் கதவைத் திறந்தது. அலபாமா பல்கலைக்கழக அணியில் சேர்ந்து ஆடினார். 1935இல் டென்னசி அணியை எதிர்த்துக் கால் எலும்பு முறிந்த நிலையிலேயே ஆடினார். வலியைப் பொறுப்பது ஆண்மை என்று கருதப்பட்ட காலம் அது. அந்த எண்ணம் அவர் மனத்தில் ஆழமாக வேரூன்றிவிட்டதைப் பின்னர் அவர் மாணவர்களை நடத்திய விதம் காட்டியது.

இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் பணியாற்றிவிட்டுத் திரும்பிய பிரையண்ட், 1945இல் மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்றுநரானார். முதற்பருவத்தில் அவருடைய அணி ஆறு ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டுமே தோற்றது. அணி விதிகளை மீறிய ஆட்டக்காரர் ஒருவரை அவர் இடைநீக்கம் செய்திருந்தார். பிரையண்ட் விடுமுறையில் சென்றிருந்த நேரம் பார்த்து, செல்வாக்குள்ள அரசியல்வாதி ஒருவரின் வற்புறுத்தலுக்கு இணங்கிய பல்கலைக்கழகத் தலைவர், அந்த ஆட்டக்காரரை மீண்டும் அணியில் சேர்த்துவிட்டார். திரும்பி வந்த பிரையண்ட் அந்தப் பதவியில் நீடிக்கவில்லை. வெற்றியோடு தொடங்கிய வேலையை ஓராண்டிலேயே விட்டுவிட்டுக் கெந்தக்கிப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். தண்டிக்கும் அதிகாரம் இல்லாதவருக்கு அணியை நடத்தும் பொறுப்பு மட்டும் எதற்கு என்பது அவர் நிலைப்பாடு.

கெந்தக்கியில் எட்டு ஆண்டுகள் இருந்தார். அங்கும் வெற்றிகள் குவிந்தன. 1954இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரிக்கு மாறினார். அவர் வாழ்க்கையின் இருண்ட பக்கம் அங்கேதான் எழுதப்பட்டது.

அந்த ஆண்டு செப்டம்பரில் தம் மாணவர்களைப் பேருந்துகளில் ஏற்றி ஜங்ஷன் என்னும் சிறு நகருக்கு அழைத்துச் சென்றார். மழை பொய்த்த நிலம். புல் கருகி, தரை பாறையாய் இறுகிக் கிடந்தது. விடியுமுன் தொடங்கும் பயிற்சி, கொளுத்தும் வெயிலிலும் தொடர்ந்தது. பயிற்சியின்போது தண்ணீர் கொடுக்கப்படவில்லை. தண்ணீர் குடித்தால் உடல் தளர்ந்துவிடும் என்று அக்காலப் பயிற்றுநர்கள் பலர் நம்பினர். ஒரு மாணவர் வெப்பத் தாக்குதலால் மயங்கி விழுந்து, உயிர் பிழைத்ததே பெரிதாயிற்று. நாள்தோறும் சிலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறினர். சிலர் சொல்லாமல் இரவோடு இரவாகப் போனார்கள். பத்து நாள் முடிவில் எஞ்சியவர்கள் ஏறத்தாழ 35 பேர்.

அவ்வளவு வதைத்தும் அந்தப் பருவத்தில் அணி ஒன்பது ஆட்டங்களில் தோற்று, ஒன்றில் மட்டுமே வென்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே கல்லூரி ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வட்டார வாகையரானது உண்மைதான். அந்த வெற்றியைக் காட்டி ஜங்ஷனை நியாயப்படுத்துவோர் இன்றும் உண்டு. ஆனால், அங்கிருந்து வெளியேறிய மாணவர்கள் எந்த விதியையும் மீறியவர்கள் அல்லர். தவறு செய்யாதவரைத் துன்புறுத்துவதற்குக் கட்டொழுங்கு என்று பெயரிட முடியாது.

1958இல் தாம் படித்த அலபாமாவுக்கே தலைமைப் பயிற்றுநராகத் திரும்பினார். முந்தைய மூன்று ஆண்டுகளில் அந்த அணி மொத்தம் நான்கு ஆட்டங்களில் மட்டுமே வென்றிருந்தது. பிரையண்டின் விதிகள் திடலோடு முடியவில்லை. வகுப்புக்குச் செல்ல வேண்டும், ஒழுங்காக உடுத்த வேண்டும், வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும்; பருவக் காலத்தில் மதுவைத் தொடவே கூடாது. 1961இல் அலபாமா நாட்டின் முதல் நிலை அணியாக உயர்ந்தது.

அதே ஆண்டில்தான் பென்சில்வேனியாவிலிருந்து ஜோ நேமத் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். பிரையண்ட் பயிற்சித் திடலின் ஓரத்தில் உயரமான கோபுரம் ஒன்றின்மீது நின்று பார்ப்பது வழக்கம். மாணவர் எவரும் அதில் ஏறியதில்லை. வந்த புதிதிலேயே நேமத்தை அவர் மேலே அழைத்தார். திடலில் இருந்தவர்களுக்கு அதன் பொருள் விளங்கிற்று. குவார்ட்டர்பேக் என்பவர் பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவெடுப்பவர். அணியின் மூளை போன்றவர். அந்த இடத்தில் நேமத்தைப் போன்ற ஒருவரைத் தாம் பயிற்றுவித்ததில்லை என்றே பிரையண்ட் கருதினார்.

1963 டிசம்பர். பருவத்தில் இரண்டு ஆட்டங்கள் மட்டும் மிச்சமிருந்தன. ஒன்று மயாமியுடன், மற்றொன்று புத்தாண்டு நாளில் நியூ ஆர்லியன்சில் மிசிசிப்பி அணியுடன் நடைபெறவிருந்த சுகர் போல் ஆட்டம். இந்த நேரத்தில் நேமத் மது அருந்தினார் என்னும் செய்தி பிரையண்டின் காதுக்கு எட்டியது. அவர் நேமத்தை அழைத்து நேரடியாகக் கேட்டார். நேமத் பொய் சொல்லவில்லை.

பொய் சொல்லியிருந்தால் தண்டிப்பது எளிதாக இருந்திருக்கும். மகனைப் போல் நேசித்த மாணவன் உண்மையை ஒப்புக்கொண்டு எதிரே நின்றதுதான் அவரை அலைக்கழித்தது. உதவிப் பயிற்றுநர்களைக் கூட்டி ஆலோசித்தார். பெரும்பாலோர் சிறிய தண்டனையோடு விட்டுவிடலாம் என்றனர். ஜீன் ஸ்டாலிங்ஸ் மட்டும் உடன்படவில்லை. ஜங்ஷனில் பத்து நாளும் தாக்குப்பிடித்தவர்களுள் அவரும் ஒருவர். அந்த இடத்தில் தாம் இருந்திருந்தால் அணியைவிட்டு நீக்கியிருப்பீர்களா என்று அவர் பிரையண்டிடம் கேட்டார். நீக்கியிருப்பேன் என்பதே பதிலாக இருந்தது. அப்படியானால் நேமத்துக்கு மட்டும் வேறு நீதி எதற்கு என்பது ஸ்டாலிங்சின் வாதம்.

பிரையண்ட் மீண்டும் நேமத்தை அழைத்தார். விதியைத் தளர்த்தத் தம்மால் முடியும் என்றும், அப்படிச் செய்தால் தாம் பதவி விலக வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். தமக்காக அவர் விலகுவதை நேமத் விரும்பவில்லை. எஞ்சிய இரண்டு ஆட்டங்களுக்கும் அவர் நீக்கப்பட்டார். நடத்தையைத் திருத்திக்கொண்டால் அடுத்த பருவத்தில் திரும்பலாம் என்னும் வழி மட்டும் திறந்து வைக்கப்பட்டது.

நேமத்தின் இடத்தில் ஸ்டீவ் ஸ்லோன் என்னும் இளைய மாணவர் இறங்கினார். மயாமியை 17-12 என்னும் கணக்கில் அலபாமா வென்றது. சுகர் போல் ஆட்டத்தன்று, பனியே அரிதான நியூ ஆர்லியன்சில், திடலின் ஓரங்களில் பனி குவிந்து கிடந்தது. டிம் டேவிஸ் நான்கு முறை பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்துச் செலுத்தினார். அலபாமாவின் 12 புள்ளிகளும் அவர் காலிலிருந்தே வந்தன. எதிரணி எடுத்தது 7. தோற்றிருந்தாலும் பிரையண்டின் முடிவு மாறியிருக்காது. அவரைக் குறைகூறும் குரல்கள்தாம் பெருகியிருக்கும்.

1964இல் நேமத் திரும்பினார். முழங்காலில் அடிபட்டும் அணியை மீண்டும் நாட்டின் முதல் நிலைக்கு இட்டுச் சென்றார். பின்னர்த் தொழில்முறை ஆட்டத்தில் அமெரிக்கா முழுதும் புகழ்பெற்றபோதும் தம்மை நீக்கிய பயிற்றுநரைப் பற்றி அவர் மதிப்போடுதான் பேசிவந்தார்.

பிரையண்டின் அணியில் 1971 வரை கறுப்பின மாணவர் ஒருவரும் ஆடவில்லை. அவ்வளவு செல்வாக்குள்ளவர் அத்தனை ஆண்டுகள் காத்திருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1974இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் ஜங்ஷனைப் பற்றியும் பேசினார். தாம் செய்தது நன்றா தீதா என்பது தமக்கே தெரியாது என்றும், ஓய்வின் தேவையையும் தண்ணீரின் தேவையையும் அறிந்துகொண்ட பிறகு அவ்வாறு செய்யமாட்டேன் என்றும் ஒப்புக்கொண்டார். 1979இல் ஜங்ஷனில் எஞ்சியவர்கள் அதே ஊரில் கூடியபோது பிரையண்டும் சென்றார். நடுவயதைத் தொட்டுவிட்ட அந்த முன்னாள் மாணவர்கள் அவருக்கு ஒரு பொன் மோதிரத்தை அளித்தனர்.

1982 டிசம்பர் 29ஆம் நாள் தம் கடைசி ஆட்டத்தை வென்று, 323 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். நான்கு வாரம் கழித்து, 1983 ஜனவரி 26ஆம் நாள், டஸ்கலூசா நகரில் மாரடைப்பால் காலமானார். வயது 69. வெற்றிகளுக்காகப் பெற்ற மோதிரங்கள் அவரிடம் பல இருந்தன. பர்மிங்காம் நகரில் நல்லடக்கம் செய்யப்பட்டபோது அவர் விரலில் இருந்தது ஜங்ஷன் மாணவர்கள் அளித்த மோதிரம் மட்டுமே.