கேமராவுக்குப் பின்னால் முதல் பெண்: டி.பி. ராஜலட்சுமி

ராஜபாளையத்துல பஸ் ஏறுனா கொஞ்ச நேரத்துலயே ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிஞ்சிடும். தன் காதலைத் தன் வாயாலயே பாடின ஆண்டாளோட ஊர் அது. சினிமாவுல அப்படி ஒரு பெண்ணோட கதையை ஒரு பெண்ணே சொல்ல எப்போ ஆரம்பிச்சாங்கன்னு தேடினா, 1936-க்குப் போகணும்.

டி.பி. ராஜலட்சுமி 1911-ல் திருவையாறில் பிறந்தார். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம் பண்ணி வைத்தார்கள். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை. அப்பாவும் இறந்துவிட, அம்மாவோடு திருச்சிக்கு வந்து நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். மேடையேறும் பெண்ணை ஊர் மரியாதையாகப் பார்க்காத காலம் அது. ஆனா வீட்டைக் காப்பாத்த அவருக்குக் கிடைத்த வழி அந்த மேடைதான்.

1931 அக்டோபர் 31-ல் வெளியான முதல் தமிழ் பேசும் படம் ‘காளிதாஸ்’. அதன் நாயகி இவர்தான். ஹீரோ தெலுங்கில் பேசுவார், இவர் தமிழில் பதில் சொல்வார். இன்னைக்கு நினைச்சா சிரிப்பு வரும். அன்னைக்கு சென்னையில் கூட்டம் அலைமோதியது.

பேரும் புகழும் வந்தாச்சு, நடிச்சுக்கிட்டே இருந்திருக்கலாம். அவர் அப்படி நிற்கவில்லை. தான் எழுதிய ‘கமலவல்லி’ நாவலை ‘மிஸ் கமலா’ என்ற படமாக 1936-ல் எடுத்தார். கதை, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு எல்லாமே அவர். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் ஆனார். காதலிப்பது ஒருவனை, வீட்டில் கட்டி வைப்பது வேறொருவனுக்கு என்று சிக்கிக்கொள்ளும் பெண்ணின் கதை அது. கல்யாணம் என்பது பெண்ணைக் கேட்காமலே நடக்கும் என்பதை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை.

அதே வருஷம் பிறந்த மகளுக்குக் கமலா என்றே பெயர் வைத்தார். கொல்லப்பட இருந்த ஒரு பெண் குழந்தையை மீட்டு, மல்லிகா என்று பெயரிட்டு வளர்க்கவும் செய்தார். படத்துல சொன்னதை வாழ்க்கையிலயும் செஞ்சவர். ‘மதுரை வீரன்’ படத்தையும் இயக்கினார். 1964-ல் மறைந்தார்.

அவருக்கு அப்புறம் பானுமதி 1953-ல் ‘சண்டிராணி’யை இயக்கினார். 2016-ல் சுதா கொங்கராவின் ‘இறுதிச்சுற்று’ குத்துச்சண்டை போடும் ஒரு மீனவப் பெண்ணைக் காட்டியது. 80 வருஷம் ஆகியும் பெண் இயக்குநர்களை இன்னும் விரல் விட்டுத்தான் எண்ணுறோம்.

‘மிஸ் கமலா’வைப் பார்க்க இன்னைக்குப் பிரிண்ட் இல்லை. மிச்சம் இருப்பது அவர் பேரு மட்டும்தான். அடுத்த தடவை நம்ம காலேஜ் குறும்படப் போட்டிக்கு டீம் போடும்போது, பொண்ணுங்களை நடிக்க மட்டும் கூப்பிடாம, கேமராவையும் அவங்க கையில கொடுப்போமா?