விண்ணகரம் எடுத்த குந்தவைப் பிராட்டியார்

புதுவையிலிருந்து கோரிமேடு வழியாக வடக்கே செல்லும் பெருஞ்சாலை திண்டிவனத்தை அடைகிறது. அவ்வூருக்கு அப்பால் வயல்களும் ஏரிகளும் சூழ்ந்த தாதாபுரம் என்னும் சிற்றூர் உள்ளது. சோழர் காலத்தில் அதற்கு ராஜராஜபுரம் என்று திருநாமம். கரிவரதராஜப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் அவ்வூர் ஆலயத்தை ஸேவிக்கச் செல்பவர்களில், அது ஒரு பெண்மணியின் பெயரால் குந்தவை விண்ணகர் என்று வழங்கியது என்பதை அறிந்தோர் சிலரே.

குந்தவைப் பிராட்டியார் இரண்டாம் பராந்தகர் எனப்படும் சுந்தர சோழரின் திருமகளார். முதலாம் ராஜராஜரின் தமக்கையார். 1950-ஆம் ஆண்டு தொடங்கி வெளிவந்த பொன்னியின் செல்வன் நாவலால் இவருடைய பெயர் தமிழகமெங்கும் பரவியது. நாவலில் உலவும் இளையபிராட்டி ஆசிரியரின் கற்பனையில் வளர்ந்தவர். கல்வெட்டுக்கள் காட்டும் குந்தவையாரோ, முதிர்ந்த வயதில் கணக்கும் கருணையும் கலந்து தர்மங்களை நடத்திய பேரரசியாகத் திகழ்கிறார். அவரே இங்குப் பேசப்படுகிறார். ராஜராஜரின் மகளாகி வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்த மற்றொரு குந்தவை இவருடைய மருமகளார். இருவரையும் ஒருவராக மயங்குதல் கூடாது.

பிராட்டியாரின் இளமைக் காலம் துயரம் மிகுந்தது. அண்ணன் ஆதித்த கரிகாலன் சூழ்ச்சியால் கொலையுண்டார். அக்கொலையில் தொடர்புடையோரின் உடைமைகள் பறிமுதல் செய்யப்பட்ட செய்தியை, ஸ்ரீமந் நாதமுனிகள் அவதரித்த வீரநாராயணபுரத்தை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு இன்றும் தாங்கி நிற்கிறது. தந்தையார் சுந்தர சோழர் காஞ்சிப் பொன்மாளிகையில் உயிர் நீத்தார். மலையமான் குலத்தில் தோன்றிய அன்னையார் வானவன்மாதேவியார் பால்மணம் மாறாத குழந்தையையும் விட்டுப் பிரிந்து கணவருடன் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர்ச் சாஸனம் உரைக்கிறது.

ஆயினும் அக்கால அரசகுலத்துப் பெண்டிர் அனைவருக்கும் அதுவே கதியாக இருக்கவில்லை. கண்டராதித்த சோழரின் தேவியாரான செம்பியன் மாதேவியார் கணவரை இழந்த பின்னர் நெடுங்காலம் வாழ்ந்து, செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக்கினார். தீப்புகுந்த அன்னையார் ஒருபுறம். திருப்பணியே வாழ்வாகக் கொண்ட பெரிய பாட்டியார் மறுபுறம். இவ்விருவரையும் கண்டு வளர்ந்தவர் குந்தவையார்.

அவருடைய கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர். மணம் முடிந்து பிற குலத்துக்கு உரியவரான பின்னரும் பிறந்த குலத்தில் இவருக்கிருந்த மதிப்பு ஒரு சிறிதும் குறைந்திலது. தஞ்சைப் பெரிய கோயில் சாஸனங்களில் இவர் ராஜராஜரின் தமக்கையார் என்றும், வந்தியத்தேவரின் மாதேவியார் என்றும், ஆழ்வார் ஸ்ரீ பராந்தகன் ஸ்ரீ குந்தவைப் பிராட்டியார் என்றும் குறிக்கப்படுகிறார். தம்பியின் பெயரும் கணவரின் பெயரும் உறவு சொல்ல வருகின்றன. தம் பெயரோடு ஒட்டி நிற்பதோ தந்தையின் பெயர். ஆழ்வார் என்னும் சொல் எம்பெருமானின் குணங்களில் ஆழ்ந்தவருக்கே உரியதென்று ஸ்ரீவைஷ்ணவர்கள் போற்றுவர். அக்காலத்தில் அது பெருமதிப்புக்குரிய பெருமக்களுக்கும் வழங்கியது. பிராட்டி என்ற சொல்லின் உயர்வையோ, தாயார் ஸந்நிதியில் நிற்கும் அடியார்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தம்பியார் தமக்கையாருக்கு அளித்த இடத்தைப் பெரிய கோயிலின் முதற் சாஸனமே காட்டிவிடுகிறது. ராஜராஜரின் இருபத்தாறாம் ஆட்சியாண்டில், அதாவது 1010-இல், விமானத்தில் எவருடைய கொடைகளைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று சக்கரவர்த்தி ஆணையிட்டார். முதலில் தாம் அளித்தவை. அடுத்துத் தம் அக்கையார் அளித்தவை. அதன் பின்னரே தம் தேவிமார் அளித்தவை. இறுதியில் ஏனையோர் அளித்தவை. பட்டத்து அரசியாருக்கும் முன்னதாக அக்கையார்! ராஜஸபைகளில் வரிசை என்பது வீண் சொல்லன்று. யாருக்குப் பின் யார் என்பதில்தான் ஒருவருடைய மதிப்பெல்லாம் அடங்கியிருந்தது.

அந்த இடத்துக்கேற்பவே அவர் வாரி வழங்கினார். ராஜராஜரின் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டு வரையில் அவர் தஞ்சைக் கோயிலுக்கு அளித்த பொன் ஏறத்தாழ 10,000 கழஞ்சு. பாத்திரங்களின் மதிப்பு 18,000 காசு. தந்தையாரின் திருவுருவத்தையும், உடன் மற்றொரு திருவுருவத்தையும் எழுந்தருளச் செய்து, அவற்றுக்குப் பூஜையும் ஏற்படுத்தினார். அந்த இரண்டாவது உருவம் அன்னையாருடையது என்றே அறிஞர் பலர் கொள்வர். பெற்ற மகள் அன்னைக்குச் செய்யக்கூடிய கைங்கரியம் வேறென்ன இருக்கிறது?

பொன்னை அள்ளி வைத்துவிட்டு அகன்றவர் அல்லர் அவர். பொன் செலவழிந்தால் விளக்கு அணைந்துவிடும் என்பதை உணர்ந்தவர். ஆகவே காசுகளை முதலாக ஊர்ச் சபைகளிடம் வைத்து, அதன் பொலிசையினால் ஆண்டுதோறும் திருவமுதும் திருவிளக்கும் நடக்கும்படி வகை செய்தார். காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்பது அக்கோயிலில் பெருவழக்கான கணக்கு. தந்தை, தாய், உடன்பிறந்தார் ஆகியோர் அன்பினால் அளித்த பொருள் பெண்ணுக்கே உரியது, அதைத் தானம் செய்யவும் அவளுக்கு ஸ்வாதந்திரியம் உண்டு என்று தர்ம சாஸ்திரங்கள் ஸ்திரீதனத்தைப் பற்றி விதிக்கின்றன. ஏட்டில் உள்ள அவ்விதி எவ்வாறு நடைமுறையில் இருந்தது என்பதற்குப் பிராட்டியாரின் சாஸனங்களே சாக்ஷி. யாருடைய அனுமதியையும் காட்டாமல், தம் பெயரால் தாமே கொடுத்தார்.

இனி ராஜராஜபுரம். ராஜராஜரின் இருபத்தொன்றாம் ஆட்சியாண்டுச் சாஸனத்தின்படி, அவ்வூரில் அவர் எடுப்பித்த ஆலயங்கள் மூன்று. எம்பெருமானுக்குக் குந்தவை விண்ணகர். சிவபெருமானுக்கு ரவிகுலமாணிக்க ஈசுவரம். சமணர்களுக்குக் குந்தவை ஜினாலயம். பொன்னும் வெள்ளியும் முத்துமான அணிகலன்கள் அவற்றுக்கு வழங்கப்பட்டன. பிற்காலத்தில் மதப் பூசல்கள் மலிந்ததை நோக்குங்கால், ஒரே கை ஓர் ஊரில் இம்மூன்றையும் எடுத்தது வியப்பாகவே தோன்றும். அரசகுலத்தவர் எல்லாச் சமயத்தாரையும் காக்கக் கடமைப்பட்டவர் என்ற ராஜதர்மத்தை, அரியணை ஏறாத ஒரு பெண்மணி தம் பொருளைக் கொண்டு நிறைவேற்றினார். விண்ணகரமும் ஈசுவரமும் இன்றும் நிற்கின்றன, ஜினாலயம் மறைந்துவிட்டது.

அதே காலத்தில் பிற தேசங்களில் அரசியர் பெற்றிருந்த அதிகாரம் வேறு வகையானது. ஐரோப்பாவில் கிரேக்க ராஜகுமாரி தியோபனோ, சிறுவனான தன் மகனுக்காக 991-இல் இறக்கும்வரை ஜெர்மானியப் பேரரசை ஆண்டாள். சோழத் தூதர்கள் 1015-இல் சென்றடைந்த சீன ராஜஸபையில், 1022 முதல் 1033 வரை லியூ என்னும் ராஜமாதா ஆட்சி புரிந்தாள். அவர்களுடைய அதிகாரம் மகன் சிறுவனாக இருந்ததனால் வந்தது. குந்தவையாரோ எவருக்காகவும் அரசாளவில்லை.  கொடுத்ததனாலேயே பெருமை பெற்றார்.

1014-இல் ராஜராஜர் மறைந்தார். தம்பியையும் இழந்த பிராட்டியார், அவர் மகன் ராஜேந்திரரின் காலத்தில் பழையாறை அரண்மனையில் இருந்தார். ராஜேந்திரரின் மூன்றாம் ஆட்சியாண்டில் அங்கிருந்தபடியே அவர் செய்த தர்மம் ஒன்று, மற்ற எல்லாவற்றினும் மனத்தை நெகிழ்விப்பது. தஞ்சையில் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலை என்னும் மருத்துவசாலை நடந்து வந்தது. தந்தையின் பெயரும் திருமாலின் கோயிற்பெயரும் கூடிய அச்சாலையில் மருத்துவம் பார்த்த வைத்தியருக்கு, வாழ்க்கைக்குக் குறைவின்றி நிலம் வழங்கி, அதைக் கூகூர்க் கல்வெட்டில் பதிப்பித்தார். சில ஆண்டுகள் கழித்து அதே தர்மத்துக்கு மேலும் வகை செய்தார். வைத்தியருக்கு வயிறு நிறைந்தால்தான் நோயாளிக்கு மருந்து கிட்டும் என்பதை அந்த முதிய பிராட்டியார் அறிந்திருந்தார்.

கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை அமைந்துள்ள பகுதிக்கு அமுத கலசம் ஏந்தி அவதரித்த எம்பெருமானின் திருநாமத்தால் தன்வந்திரி நகர் என்று பெயர். பல மாவட்டங்களிலிருந்து வரும் நோயாளிகளும் அவர்களுடைய உறவினரும் அதிகாலையிலேயே அதன் வாயிலில் வந்து காத்திருக்கிறார்கள். உத்ஸவம் ஸேவித்துத் திரும்பும் அன்பர்கள் அவ்வாயிலைக் கடந்து வடக்கே சென்றால், அதே சாலை திண்டிவனத்துக்கும், அதற்கப்பால் வழிகேட்டுச் செல்வோரைக் குந்தவை விண்ணகருக்கும் கொண்டு சேர்க்கும்.