கோபித்தும் பிரியாத புனித சிப்பிரியான்

நற்கருணை மன்றாட்டின் முதல் வடிவில் கொர்னேலியு, சிப்பிரியான் என்று இரு பெயர்களை அடுத்தடுத்துக் கேட்கிறோம். ஒருவர் உரோமைத் திருத்தந்தை. மற்றவர் வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகர ஆயர். இவர்களை நெருங்கச் செய்தது திருச்சபையில் ஏற்பட்ட ஒரு பிளவு.

சிப்பிரியான் வசதியானவர், பேச்சுக்கலை ஆசிரியர். நடுவயதில் திருமுழுக்குப் பெற்று, 248 வாக்கில் ஆயரானார். 250இல் பேரரசர் தேசியு, எல்லாரும் உரோமைத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டும் என்று ஆணையிட்டார். கிறிஸ்தவர் பலர் பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். (உயிருக்குப் பயந்தவர்களை நாம் எளிதாகக் குறை சொல்லிவிட முடியாது.) சிப்பிரியானும் தலைமறைவாகி, மடல்கள் வழியாகவே மந்தையை வழிநடத்தினார். அதற்காக ஏச்சும் பட்டார்.

வேதகலாபனை ஓய்ந்ததும், தவறியவர்களை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. கார்த்தேஜில் பெலிசிசிமு என்பவரின் கூட்டம், தவமுயற்சி இல்லாமலே அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பிரிந்தது. உரோமையில் நேர்மாறு. அவர்களுக்கு ஒப்புரவே கிடையாது என்ற நொவாசியன், 251இல் கொர்னேலியுவுக்கு எதிராகத் தாமும் ஆயராகத் திருப்பொழிவு பெற்றார். சிப்பிரியான் கொர்னேலியு பக்கம் நின்றார். ஒவ்வொருவர் நிலையையும் விசாரித்து, தவத்திற்குப்பின் ஏற்பது என்று அவரது ஆயர் மன்றம் முடிவு செய்தது. திருச்சபையின் ஒற்றுமை பற்றிய அவரது நூலும் அக்காலத்ததே.

ஆனால் அவருக்கே சோதனை பிறகுதான் வந்தது. பிரிந்த சபையில் திருமுழுக்குப் பெற்றவர் திரும்பி வந்தால் மீண்டும் திருமுழுக்குத் தரவேண்டும் என்றார் அவர். கைகளை வைத்து மன்றாடினால் போதும் என்றார் திருத்தந்தை முதலாம் ஸ்தேவான். 256இல் 87 ஆயர்கள் கார்த்தேஜில் கூடிச் சிப்பிரியானை ஆதரித்தார்கள். மடல்களில் அனல் பறந்தது. இக்கருத்தில் சிப்பிரியான் சொன்னது சரியல்ல. திருச்சபை பின்னாளில் ஸ்தேவானின் வழியையே ஏற்றது. ஆயினும், 87 பேர் பின்னால் நின்றும் அவர் தனிச் சபை அமைக்கவில்லை. தம்மோடு ஒத்துப்போகாத ஆயர்களை விலக்கவுமில்லை. ஏறக்குறைய 150 ஆண்டுகளுக்குப்பின் தொனாத்தியர் அவரது கருத்தைக் காட்டித் தங்கள் பிரிவை நியாயப்படுத்தியபோது, புனித அகுஸ்தினார் இதைத்தான் எடுத்துச் சொன்னார்.

ஸ்தேவான் 257இல் இறந்தார். அதே மாதத்தில், பேரரசர் வலேரியனின் ஆணைப்படி சிப்பிரியான் நாடுகடத்தப்பட்டார். இம்முறை அவர் ஒளியவில்லை. 258 செப்டம்பர் 14 அன்று கார்த்தேஜில் தலை வெட்டப்பட்டு மறைச்சாட்சியாக இறந்தார். வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கும்படி தம் ஆள்களிடம் சொன்னார்.