ஹைதர் அலி நம்பிய பாதிரியார்

ஆலத்தியூர், அரியலூர்ப் பக்கத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து தஞ்சாவூருக்குப் போகிறவர்கள், பெரிய கோவிலைப் பார்க்காமல் திரும்புவதில்லை.

அந்தக் கோவிலுக்கு அருகே, சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டி ஒரு பழைய கிறிஸ்தவ ஆலயம் இருக்கிறது. உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம். முதியவர் ஒருவர் மரணப் படுக்கையில் கிடக்கிறார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், தஞ்சை மன்னர் சரபோஜி!

அந்த முதியவர் யார்? அவர்தான் சுவார்ட்ஸ் பாதிரியார்.

பிரஷ்யா நாட்டில் 1726-ம் ஆண்டு பிறந்த அவர், 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழ் கற்றார். மராத்தி, பார்சி, இந்துஸ்தானியும் பேசினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. திருச்சியிலும் தஞ்சையிலும் எளிமையாக வாழ்ந்தார்.

மைசூருக்குத் தூது

ஆங்கிலேயருக்கும் மைசூர் ஹைதர் அலிக்கும் பகை முற்றியிருந்த சமயம். 1779-ல் சென்னை கவர்னர் ரம்போல்டு, சுவார்ட்சைத் தூது போகும்படி கேட்டார். சமாதானம் செய்வது ஏசுநாதர் இட்ட கட்டளை அல்லவா? ரத்தம் சிந்தாமல் தடுக்க முடியுமானால் நல்லது என்று பாதிரியார் புறப்பட்டார்.

சீரங்கப்பட்டணத்தில் ஹைதர் அவரைத் தம் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். அந்தப் பணத்தைப் பாதிரியார் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அது அநாதைக் குழந்தைகளின் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது.

தூது பலிக்கவில்லை. 1780-ல் போர் மூண்டது. ஆனால், அந்தப் பாதிரியாரை யாரும் தடுக்கக்கூடாது, துன்புறுத்தக்கூடாது என்று ஹைதர் தம் படைக்கு உத்தரவு போட்டார். எதிரியும் அவரை நம்பினார்!

வாக்கை நம்பி வந்த நெல்

போரினால் தஞ்சைக் கோட்டையில் பஞ்சம். பசியால் மக்கள் தெருவில் விழுந்து மடிந்தார்கள். கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால், சுமந்து வர மாடு இல்லை. முன்பு மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி கிடைக்காததால், அரசாங்கத்தின் பேச்சை யாரும் நம்பவில்லை.

மன்னர் சுவார்ட்சின் உதவியை நாடினார். கூலிக்குத் தாம் பொறுப்பு என்று பாதிரியார் வாக்குக் கொடுத்தார். சில நாட்களில் ஆயிரம் மாடுகள் வந்தன! 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. சொன்னபடி எல்லோருக்கும் கூலி கொடுத்தார்.

பிறகு, கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிய குடியானவர்கள் சுமார் 7,000 பேர், அவர் சொன்ன சொல்லை நம்பித் திரும்பி வந்து ஏர் பிடித்தார்கள்.

1798 பிப்ரவரி 13-ந் தேதி அவர் காலமானார். தந்தையைப்போல் தம்மைப் பாதுகாத்துப் படிக்க வைத்த அவருக்காக, சரபோஜி கண்ணீர் விட்டார். மன்னரானபின், லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு அந்தப் பளிங்குச் சிற்பத்தைச் செய்வித்தார்.

சுவார்ட்சால் போரை நிறுத்த முடியவில்லை. ஆனால், போரில் பசித்தவர்களுக்குச் சோறு கிடைக்கச் செய்தார். அவரிடம் இருந்த ஆயுதம், தவறாத வாக்கு ஒன்றுதான்!