சூசன் லெங்லன்

மகளிர் டென்னிஸ் என்றால் தேநீர் வேளைக்கு முந்திய மெல்லிய பொழுதுபோக்கு என்று ஐரோப்பியச் செல்வர்கள் கருதியிருந்த காலம் அது. கணுக்கால்வரை தொங்கும் பாவாடை, இடுப்பை இறுக்கும் உள்ளங்கி, முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி. இத்தனையும் அணிந்த ஒருத்தி எப்படி ஓடுவாள்? ஓட முடியாதபடி உடுத்திவிட்டு, பெண்ணுக்கு ஓடத் தெரியாது என்று சொன்னார்கள்!

இந்தக் கூற்றைப் பொய்யாக்கிய சூசன் லெங்லன் 1899 மே 24-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். சிறு வயதில் நோயாளி. உடல் தேறட்டும் என்று தந்தை சார்லஸ் கையில் மட்டையைக் கொடுத்தார். பிறகு அவரே கண்டிப்பான ஆசானும் ஆனார். ஆடுகளத்தில் ஓரிடத்தில் கைக்குட்டையை விரிப்பார். பந்து அதன்மீது விழவேண்டும். விழுந்தால் கைக்குட்டை வேறிடம் போகும். நீஸ் நகரில் ஆண்களோடு ஆடவைத்தே மகளைப் பழக்கினார். 1914-இல், தம் 15-ஆம் வயதில், செம்மண் தரையில் நடந்த உலகப் போட்டியில் சூசன் வென்றார். அந்த ஆண்டே போர் மூண்டது, ஆட்டங்கள் நின்றன.

1919-இல் விம்பிள்டன் மீண்டும் தொடங்கியது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் ஏழுமுறை வாகை சூடிய டோரத்தியா லாம்பர்ட் சேம்பர்ஸ் அம்மையார்; வயது 40. அவர் பழைய நீண்ட உடையில் வந்தார். சூசனோ குட்டைக் கையும், கெண்டைக்கால் அளவே நீண்ட பாவாடையுமாக, இறுக்கும் உள்ளங்கியே இல்லாமல் வந்தார். பார்த்தவர்கள் முகம் சுளித்தனர். மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் அரசி மேரியும் அமர்ந்து பார்த்த ஆட்டம் அது. மூன்றாவது செட்டில், இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் வெற்றி என்னும் நிலை சேம்பர்ஸுக்கு இருமுறை வாய்த்தது. அதில் ஒருமுறை சூசனின் மட்டை விளிம்பு மரத்தில் பட்ட பந்து தட்டுத் தடுமாறி வலையைக் கடந்து விழுந்ததாம். 10-8, 4-6, 9-7 என்ற கணக்கில் சூசன் வென்றார். இடையிடையே பிராந்தி பருகினார் என்பதும் அன்று பெரும் பேச்சாயிற்று.

அன்று முதல் 1926 வரை தனியர் ஆட்டத்தில் அவர் தோற்றது ஒரே முறை. 1921-இல் அமெரிக்காவில் மோலா மல்லரியிடம், இருமலோடு போராடி, பாதியில் விலகினார். கோழை என்று பத்திரிகைகள் ஏசின. ஆனால் விம்பிள்டனில் அவரைக் காண வந்த கூட்டத்துக்குப் பழைய மைதானம் போதவில்லை. 1922-இல் பெரிய இடத்துக்கு மாற்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அங்கேதான் கேள்வி பிறக்கிறது. சீட்டு விற்ற பணம் எங்கே போயிற்று? சங்கங்களுக்குப் போயிற்று. ஆடியவர் ஊதியம் பெறக்கூடாது. பெற்றால் தகுதி பறிபோகும். செல்வர்க்கு இது பெருமை. உழைத்துப் பிழைப்பவர்க்கு இது அடைத்த கதவு. 1926-இல் விம்பிள்டனில் ஆட்ட நேரம் பற்றிய குழப்பத்தில் அரசி காத்திருக்க நேர்ந்து, பழி முழுதும் சூசன்மீது விழுந்தது. அவர் போட்டியைவிட்டு விலகினார். சில வாரங்களில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு 50,000 டாலர் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டார். அதே குழுவில் 1924 ஒலிம்பிக் வெற்றியாளர் வின்சென்ட் ரிச்சர்ட்ஸ் இருந்தார். அவருக்கும் அவ்வளவு தொகை இல்லை. மேரி பிரவுனோடு 38 முறை மோதி 38 முறையும் வென்றார். வாய்திறந்து சொல்லவும் தயங்கவில்லை: பிறர் இலட்சக்கணக்கில் சம்பாதிக்கத் தாம் உழைத்ததாகவும், தமக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை என்றும், இந்த விதியால் பணக்காரரே ஆடமுடியும் என்றும் எழுதினார்.

அவர் பெண்ணுரிமைக் கூட்டங்களில் பேசியவர் அல்லர், முன்கோபியும்கூட. புனிதவதியாக்கி வணங்கவேண்டியதில்லை. ஆயினும் பெண்ணின் ஆட்டத்துக்கு விலை உண்டு என்று முதலில் காட்டியவர்களில் அவர் முன்னவர். தொழில்முறை ஆட்டக்காரருக்கு விம்பிள்டன் வாயில் திறந்தது 1968-இல். அவ்வாண்டு ஆண் வெற்றியாளருக்கு 2,000 பவுன், பெண்ணுக்கு 750. இருவருக்கும் ஒரே பரிசு வந்தது 2007-இல்தான்.

பின்னாளில் சூசன் பாரிஸில் சிறுவர் சிறுமியருக்கு ஆட்டம் கற்பித்தார். 1938 ஜூலை 2-ஆம் நாள் ஹெலன் வில்ஸ் தம் எட்டாவது விம்பிள்டன் பட்டத்தை வென்றார். 1926-இல் கான் நகரில் சூசனிடம் தோற்ற அதே ஹெலன். இரண்டு நாள் கழித்து, ஜூலை 4-ஆம் நாள், இரத்தச்சோகை நோயால் சூசன் காலமானார். வயது 39.