வளைவுகளை வென்ற கராட்

மாங்கேணியிலிருந்து வாழைச்சேனைக்குச் சென்று புகையிரதம் ஏறுவோர் மலையேறும் இடரை அறியார். 1928இல் மட்டக்களப்பை எட்டிய இருப்புப்பாதை பெரும்பாலும் சமநிலத்திற் செல்வது. மலைநாட்டுப் பாதையின் இயல்போ வேறு. 44 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றங்களும் மிகக் குறுகிய வளைவுகளும் அங்கே உண்டு. அப்பாதைக்கென 1927இல் இலங்கைக்கு வந்த நீராவி இயந்திரமொன்று, 14 ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்த ஒருவரின் பெயரைத் தாங்கியிருந்தது. அவரே ஹேர்பேட் வில்லியம் கராட்.

கராட் 1864ஆம் ஆண்டு யூன் மாதம் 8ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். வட இலண்டன் புகையிரதக் கம்பனியின் தொழிற்சாலையிற் பயிலுநராகச் சேர்ந்து கைத்தொழில் கற்றார்; பின்னர் சண்டர்லாந்தில் கப்பலியந்திரத் தொழிலிலும் பழகினார். 1889இல் ஆர்ஜென்ரீனா சென்று, மூன்றாண்டுகளில் அங்குள்ள புகையிரத மொன்றின் இயந்திரப் பகுதித் தலைவரானார். அதன்பின் கியூபா, லாகோஸ், பெரு, நியூ சவுத் வேல்ஸ் எனப் பல நாடுகளிற் பணிபுரிந்து 1906இல் தாயகம் மீண்டார்.

அக்காலத்துப் புதிய இருப்புப்பாதைகள் பலவற்றை ஒரே இடர்ப்பாடு வருத்திற்று. சிக்கனங் கருதி மெல்லிய தண்டவாளங்களை இட்டனர். மலைகளைக் குடையாது சுற்றி வளைத்தனர். பாரம் இழுக்கப் பெரிய இயந்திரம் வேண்டும். பெரிய இயந்திரமோ நீண்டு விறைத்து நிற்பதால் வளைவிற் திரும்பாது. அதன் பாரத்தைத் தண்டவாளமும் தாங்காது.

இதற்குக் கராட் கண்ட தீர்வு எளியது. 1907இல் அதற்கு ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தார். முன்னும் பின்னுமாக இரண்டு இயந்திரத் தொகுதிகளை வைத்து, நீரையும் நிலக்கரியையும் அவற்றின்மேல் ஏற்றினார். கொதிகலனை இரண்டுக்கும் நடுவே, பல்லக்கைப்போற் தொங்கவிட்டார். பாரம் பல சில்லுகளிற் பகிரப்பட்டது. கொதிகலனின் கீழே சில்லுகள் இன்மையால் அதனைப் பருமனாகவும், தீயறையை ஆழமாகவும் அமைக்க முடிந்தது. வளைவிற் செல்கையில் இரு தொகுதிகளும் வில்லைப்போல் வளைந்து திரும்ப, கொதிகலன் நாணைப்போல் உட்புறம் நின்று நிலைகுலையாது காத்தது.

மான்செஸ்ரரிலுள்ள பேயர் பீக்கொக் நிறுவனத்தார் இதனை ஏற்று, தாஸ்மேனியாவின் இரண்டடி அகலப் பாதைக்கு 1909இல் முதலிரு இயந்திரங்களைச் செய்தனர். அடுத்தது இந்தியாவின் டார்ஜிலிங் மலைப்பாதைக்குச் சென்றது. ஆயினும் தம் முயற்சி பெரும்பயன் நல்குவதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1913 செத்தெம்பர் 25ஆந் திகதி, தமது 49ஆவது வயதில் அவர் காலமானார்.

அவருக்குப் பின்னரே அவர் பெயர் உலகெங்கும் ஓடலாயிற்று. ஆபிரிக்காவின் நெடும்பாதைகளிலும் வங்காள நாகபுரிப் புகையிரதத்திலும் கராட் இயந்திரங்கள் பாரமிழுத்தன. இலங்கைக்கு 1945இல் மேலும் எட்டு வந்தன. அவர் பணிசெய்த நியூ சவுத் வேல்ஸ் அவற்றைப் பெற்றது 1952இலேயே. உலகிற் செய்யப்பட்டவை 1,600க்கும் அதிகம். தாஸ்மேனியா சென்ற முதல் இயந்திரத்தை 1947இற் செய்தவர்களே மீட்டெடுத்தனர். அது பின்னர் புதுப்பிக்கப்பட்டு வேல்ஸ் மலைப்பாதையில் ஓடலாயிற்று.

நீராவியின் காலம் சென்றபின்னும் கராட்டின் எண்ணத்தைச் சிற்றுருவில் உயிரோடு வைத்திருப்போர் உளர். ஓரடியை 16 மில்லிமீற்றராகச் சுருக்கினால், அந்த முதல் இயந்திரத்தின் பாதை 32 மில்லிமீற்றர் அகலமாகும். அவ்வளவிற் மாதிரி இயந்திரஞ் செய்து, மெய்யாகவே நீராவியால் தோட்டங்களில் ஓட்டுகின்றனர். அசையுந் தொகுதிகளுக்கு ஒழுக்கின்றி நீராவி செலுத்தும் மூட்டே அவர்களுக்கும் கடினமான வேலை. அதனைத் தம் கையால் ஒருமுறை பொருத்தியவர் கராட்டின் அருமையை உணர்வர்.

நம் மாணவர் மூன்று மரத்துண்டுகளையும் இரண்டு ஆணிகளையும் கொண்டே அந்த எண்ணத்தைச் செய்து பார்க்கலாம். ஊர்தோறும் உழைத்து, கண்ட குறையை மனத்திருத்தி, அதற்கு மாற்றுத் தேடியவர் கராட். பயனைத் தாம் காணாவிடினும், செய்த வேலை நின்று பயன் தந்தது.